குழந்தை தள்ளிப்போகிறது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மனைவியிடம் மட்டும்தான் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வருடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று அவள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டாள். நான் மருத்துவமனை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் அவளது தடித்த ஃபைலைப் புரட்டிவிட்டு, "இதில் இவர் பெயர் மட்டும்தானே இருக்கிறது, உங்கள் ரிப்போர்ட் எங்கே?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அந்த வாரமே விந்தணுப் பரிசோதனை செய்தேன். எண்ணிக்கையும் குறைவு, நகரும் திறனும் குறைவு என்று வந்தது.

வலியே இல்லாத அந்த ஒரு பரிசோதனையை நான் முதல் மாதத்திலேயே செய்திருந்தால், அவள் பட்ட வலியில் பாதி மிச்சமாகியிருக்கும். நான் டாக்டர் இல்லை. இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைப்பவர்கள் எங்களைப் போல முன்பின்னாகச் சுற்றக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில், எத்தனை மாதம் சேர்ந்து இருந்தீர்கள் என்று எண்ணுங்கள்

"மூன்று வருடமாகிவிட்டது" என்று ஊர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் வருடத்துக்கு நாற்பது நாள் லீவில் வந்தால், மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது நான்கு மாதவிடாய்ச் சுற்றுகள். அதிலும் உறவினர் வீட்டு விருந்து, கோயில் பயணம் என்று எத்தனை நாள் போயிருக்கும்! ஒருவருக்கு நைட் ஷிப்ட், இன்னொருவருக்குப் பகல் வேலை என்றால் ஒரே வீட்டில் இருந்தும் இதே கதைதான். முதல் வருடம் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அந்த மாதத்தையும் கழித்துவிடுங்கள்.

எந்தக் கோளாறும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு சுற்றில் கரு தங்க நான்கில் அல்லது ஐந்தில் ஒரு வாய்ப்புதான். நூறு தம்பதிகள் கருத்தடை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது சேர்ந்து வாழ்ந்தால், ஒரு வருடத்துக்குள் எண்பது பேருக்கு மேல் கரு உண்டாகிவிடுகிறது. மருத்துவ உலகம் 12 மாதத்தை எல்லைக்கோடாக வைத்திருப்பது இதனால்தான். பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் 6 மாதம் போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. 40 என்றால் முயற்சி தொடங்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்து அடுத்தது தள்ளிப்போனாலும் இதே கணக்குதான்.

சிலர் 12 மாதமும் காத்திருக்க வேண்டியதில்லை. பீரியட்ஸ் 35 நாளைத் தாண்டியே வருகிறது, அல்லது மாதக்கணக்கில் வருவதே இல்லை. அந்த நாட்களில் எழுந்து நிற்க முடியாத வலி. முன்பு காசநோய் வந்திருக்கிறது. குடல்வால் வெடித்தோ வேறு காரணத்துக்கோ அடிவயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். கணவருக்குச் சின்ன வயதில் விதை கீழிறங்காமல் இருந்தது, வாலிப வயதில் புட்டாளம்மை வந்து விதை வீங்கியது, ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது என்றாலும் இதே பேச்சுதான். ஒரு வருடம் ஆகட்டும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கரு உண்டாகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சினைப்பையிலிருந்து மாதம் ஒரு முட்டை வெளிவர வேண்டும். போதிய விந்தணுக்கள் கர்ப்பப்பை வாயைக் கடந்து உள்ளே நீந்திப் போக வேண்டும். இரண்டும் சந்திப்பது கருக்குழாயில், ஆகவே குழாய் திறந்திருக்க வேண்டும். உண்டான கரு ஐந்தாறு நாளில் கர்ப்பப்பைக்கு வந்து அதன் உட்சுவரில் ஒட்ட வேண்டும். தடங்கல் என்பது இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில், சில சமயம் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். டாக்டர் எழுதித் தரும் ஒவ்வொரு பரிசோதனையும் இதில் ஏதாவது ஓர் இடத்தைப் பார்ப்பதற்குத்தான். "இது எதைப் பார்ப்பதற்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நாங்கள் கேட்காததால் ஒரே ரத்தப் பரிசோதனையை மூன்று இடங்களில் செய்தோம்.

நாள் கணக்கு

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அங்கேயே கணக்கு மூன்று நான்கு நாள் பிசகிவிடும். முட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 14ஆம் நாள், 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். "14ஆம் நாள்" என்பதை எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டு மாதாமாதம் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை தாங்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் வாய்ப்புள்ள நாட்கள். முட்டை வந்த மறுநாள் சேர்வதைவிட, வருவதற்கு இரண்டு நாள் முன்பே சேர்வது பலன் தரும். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, இழுத்தால் நீளும் தன்மையோடு இருக்கும். முட்டை வரப்போவதைச் சிறுநீரில் காட்டும் ஓவுலேஷன் கிட் மருந்துக்கடையில் கிடைக்கும், அது உதவும். சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.டி.) உள்ளவர்களுக்கு மட்டும் அது தவறாகக் காட்டக்கூடும்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன். நாட்காட்டியைப் பார்த்து "இன்றைக்குத்தான்" என்று கட்டாயப்படுத்திக்கொண்டால் வீடு பரீட்சைக்கூடம் ஆகிவிடும். மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்த ஆறு நாட்களும் அதற்குள் வந்துவிடும்.

டாக்டரிடம்கூடச் சொல்லத் தயங்குவது

கல்யாணமாகி வருடங்கள் ஆகியும் உறவு முழுமையாக நடக்காத தம்பதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். பெண்ணுக்கு உறவின்போது தசைகள் தன்னையறியாமல் இறுகிக் கடுமையான வலி வரலாம். ஆணுக்கு விறைப்பு நிற்காமல் போகலாம், விந்து வெளியேறாமல் போகலாம். சர்க்கரை நோயும் சில மாத்திரைகளும் இதற்குக் காரணமாவது உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டால், நூறு பரிசோதனை செய்தாலும் காரணம் தெரியாது. பெண்ணின் தசை இறுக்கம் பயிற்சியாலும் ஆலோசனையாலும் பெரும்பாலும் சரியாகக் கூடியது. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வலி குறையட்டும் என்று ஜெல் வாங்குகிறவர்கள், விந்தணுவைப் பாதிக்காத வகை எது என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜெல்கள் பலவற்றில் விந்தணுவின் நகர்வு குறைந்துவிடும்.

கணவரின் பரிசோதனை, முதல் வாரத்திலேயே

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. ஆண்மைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. உறவில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல உடற்கட்டுள்ள ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். எனக்கு இது புரிய நாளாயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி நம்புவது என்று மனம் முரண்டுபிடிக்கும். பரிசோதனை ஒன்றுதான் அதற்கு விடை.

செய்யும் முறை இது. கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். லேபிலேயே தனி அறை இருக்கும். அங்கே முடியாது என்றால் வீட்டில் எடுத்து, லேப் கொடுத்த டப்பாவிலேயே, உடம்போடு ஒட்டிய சட்டைப் பையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதலில் லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஆணுறையில் பிடிக்கக் கூடாது. முதல் துளிகள் கீழே சிந்திவிட்டால் அதைச் சொல்லிவிடுங்கள், விந்தணுக்கள் அதில்தான் அதிகம்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு இப்படி: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, நகரக்கூடியவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவில் 4 சதவீதம். "வடிவம் 4 சதவீதமா, மீதி 96 கெட்டுப்போய்விட்டதா?" என்று நான் பதறினேன். எல்லா ஆண்களிலும் பெரும்பகுதி விந்தணுக்கள் வடிவம் பிசகியவைதான். இந்த எண்களுக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை, வாய்ப்பு குறைவு என்றுதான் பொருள்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த டெங்குக் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். அதனால்தான் குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

குறைவுக்குக் காரணங்கள் பல. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும் வேரிகோசீல் அடிக்கடி காணப்படுவது. கையால் தடவிப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார், தேவைப்பட்டால் சிறிய ஆபரேஷன் செய்வார்கள். எல்லா வேரிகோசீலுக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. விதைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். நாள் முழுக்க அடுப்பு, உலை, இன்ஜின் பக்கத்தில் வேலை, மடியில் லேப்டாப் எல்லாம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கும். பீடி, சிகரெட், குட்கா, குடி, அளவுக்கு மீறிய எடை ஆகியவையும் பாதிக்கும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிம்மில் தரும் ஸ்டீராய்டு ஊசியும், "ஆண்மை கூடும்" என்று போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு மெல்லத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகலாம்.

பூஜ்யம் என்று வந்தாலும் கதை அங்கேயே முடிவதில்லை. விதையில் உற்பத்தி இருந்து, வெளிவரும் வழி அடைபட்டிருக்கலாம். அப்போது விதையிலிருந்தே ஊசியால் எடுத்துக் கருவூட்ட முடியும்.

மனைவியின் பரிசோதனைகள்

முட்டை வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. 25 முதல் 35 நாளுக்குள் ஒழுங்காகப் பீரியட்ஸ் வந்தால் அநேகமாக வருகிறது. ஒழுங்கில்லை என்றால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைகளும் சினைப்பை ஸ்கேனும் எடுப்பார்கள். தைராய்டுக் கோளாறு மாத்திரையில் கட்டுப்படுவது. அதைச் சரிசெய்ததுமே சிலருக்குக் கரு தங்கிவிடும்.

"நீர்க்கட்டி இருக்கிறது" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். பெயர்தான் கட்டி. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள்தாம் ஸ்கேனில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் தெரிகின்றன. அறுத்து எடுக்க அங்கே எதுவும் இல்லை. எடை கூடியிருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வர ஆரம்பிக்கும். 75 கிலோ இருப்பவருக்கு அது ஏறக்குறைய நான்கு முதல் ஏழரை கிலோ. ஒல்லியானவர்களுக்கும் இந்தக் கோளாறு வரும், அவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்வது தவறு.

அடுத்தது குழாய். பீரியட்ஸ் நின்ற பிறகு, முட்டை வருவதற்கு முன், ஹெச்.எஸ்.ஜி. என்ற எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அது இரண்டு குழாய்களிலும் வழிந்து வெளியே வருகிறதா என்று பார்ப்பது. மாதவிடாய் வலி போல, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, சில நிமிடம் வலிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அன்று வீட்டுக்குத் தனியாக வர வேண்டாம். நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே அது கருக்குழாயையும் கர்ப்பப்பையின் உட்சுவரையும் அரித்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்தால் டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கடும் மாதவிடாய் வலியும் உறவின்போது ஆழத்தில் வலியும் இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளர்ந்து ரத்தம் கசிவது இது. சினைப்பையில் சேர்ந்தால் சாக்லேட் கட்டி என்பார்கள். "பொம்பளைக்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்று பல வருடம் அடக்கி வைக்கப்பட்ட வலிதான் இப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை இருப்பு ஏறக்குறைய எவ்வளவு, முட்டை வளர்க்கப் போடும் ஊசி மருந்துக்கு எத்தனை முட்டை வளரும் என்பதை அது காட்டும். முட்டையின் தரத்தைக் காட்டாது, இயற்கையாகக் கரு தங்குமா என்பதையும் சொல்லாது. அந்த எண் குறைவு என்று மட்டும் காட்டி உடனே ஐ.வி.எஃப்.புக்கு (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே லேபில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) அவசரப்படுத்தினால், வயதையும் மற்ற ரிப்போர்ட்டுகளையும் வைத்து இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள். வயது விஷயம் மட்டும் உண்மை. பெண் பிறக்கும்போதே தன் முட்டைகள் முழுவதோடும் பிறக்கிறாள், 35க்கு மேல் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும்.

இதற்கிடையில் கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது மனைவி ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்க வேண்டும். பிள்ளையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுப்பதற்கு அது. பொதுவாக வேண்டியது நாளுக்கு 400 மைக்ரோகிராம். மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், உங்களுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தால்

நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட தம்பதிகளுக்கு இப்படித்தான் வரும். காரணமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, இன்றுள்ள பரிசோதனைகளில் அது தெரியவில்லை. கேட்க எரிச்சலாக இருந்தாலும் இது நல்ல ரிப்போர்ட்தான். வயது குறைவாக இருந்தால் இன்னும் சில மாதம் முயன்று பார்க்கச் சொல்வார்கள், அதில் பலருக்குக் கரு தங்கிவிடுகிறது.

சிகிச்சையின் படிகள்

முட்டை வராதவர்களுக்குப் பெரும்பாலும் முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரைதான் தொடக்கம், ஐந்து நாள். பிறகு முட்டைப் பை வளர்வதை ஸ்கேனில் பார்ப்பார்கள், 18 முதல் 20 மில்லிமீட்டர் வந்ததும் அது உடைந்து முட்டை வெளிவர ஊசி போடுவார்கள். விந்தணுக் குறைவு லேசாக இருந்தால் ஐ.யு.ஐ. விந்தைக் கழுவி, நன்றாக நீந்துபவற்றைப் பிரித்து, நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது. ஒரு முறைக்கு வாய்ப்பு பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் மனம் அவ்வளவு உடையாது. எங்களுக்கு நான்காவது முறை கரு தங்கியது. இரண்டு குழாயும் அடைபட்டவர்களுக்கு ஐ.யு.ஐ. பயன்படாது. அவர்களுக்கும் விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கும் ஐ.வி.எஃப். அல்லது இக்ஸி (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்துவது).

ஐ.யு.ஐ.யில் விந்தைச் செலுத்திய பிறகு வரும் பதினான்கு நாட்கள்தாம் கொடுமை. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த நாட்களில் தினமும் தொட்டுப் பார்த்த ஒருத்தியை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதில் கேலி செய்ய ஒன்றுமே இல்லை. டெஸ்ட் கார்டை மட்டும் முன்கூட்டியே பார்க்காதீர்கள். முட்டை உடையப் போட்ட ஊசியின் மிச்சமே பத்துப் பன்னிரண்டு நாள்வரை இரண்டு கோடு காட்டிவிடும்.

ஐ.வி.எஃப். ஒரு சுற்றுக்குச் செலவு லட்சத்தைத் தாண்டும், பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் அடங்காது. பணம் கட்டும் முன் கேளுங்கள்: சொன்ன தொகையில் ஊசி, மயக்க மருந்து, கருவை உறையவைத்தல் எல்லாம் அடங்குமா? என் மனைவியின் வயதில் உங்களிடம் நூற்றுக்கு எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்? "பாசிட்டிவ் ஆனவர்கள்" என்ற கணக்கும் இதுவும் ஒன்றல்ல. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்த மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நூறு சதவீதம் உறுதி என்று விளம்பரம் செய்யும் இடத்துக்கும், எதில் செய்ததென்று சொல்லாத லேகியத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டில்

திருக்கருகாவூருக்குப் போகச் சொல்வார்கள், சஷ்டி விரதம் இருக்கச் சொல்வார்கள். மனதுக்கு அது ஆறுதல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், சிகிச்சையை மட்டும் நிறுத்தாதீர்கள். உறவினரின் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு நான்தான் சொன்னேன்: "அம்மா, எனக்கும் வைத்தியம் நடக்கிறது. இனிமேல் கேட்பதாக இருந்தால் என்னைக் கேளுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. அடுத்த வீட்டு வளைகாப்புக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் போக வேண்டாம், அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது

கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதிகள், இருவரும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் தாள்கள், இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில். எக்ஸ்ரே ஃபிலிமையும் ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், மையம் மாறினால் மறுபடி எடுக்கச் சொல்வது குறையும். கணவர் வாசலில் நிற்காமல் உள்ளே வர வேண்டும். ரிசப்ஷனில் சீட்டுப் போடும்போது, ஃபைலின் மேல் இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.